நினைவஞ்சலிக் காணொளிகளில் ‘ஏஐ’ என்று எழுத வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் கலியாண வீடு, சாமத்திய வீடு, அந்தியேட்டி என்று வீடியோ எடுப்பது என் தொழில். இப்போதெல்லாம் காலமானவரின் ஒரு படத்தைத் தந்து, “அப்பா சிரிச்சுக் கதைக்கிற மாதிரிச் செய்து தாங்கோ” என்று கேட்டு வருபவர்கள் கூடிவிட்டார்கள்.

கூகுளின் வியோ 3 போன்ற, காணொளி செய்யும் செயற்கை நுண்ணறிவுக் (ஏஐ) கருவிகள் 2025இல் வந்ததிலிருந்து எட்டு விநாடிக் காட்சி குரலும் உதட்டசைவுமாகவே கிடைக்கிறது. அண்மையில் அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. வாய் மூடிய முகம். கருவி அந்த வாயைத் திறந்து வரிசையான வெள்ளைப் பற்களை வைத்தது. மகள் பார்த்து அழுதுவிட்டார். தாயார் மட்டும், “அவருக்கு முன்பல்லு ஒண்டு உடைஞ்சது” என்றார். படத்தில் இல்லாத பல்லைக் கருவி எங்கிருந்து எடுக்கும்? பழகிய ஆயிரம் முகங்களிலிருந்து ஊகித்துத்தான் வைக்கிறது. நடையும் குரலும் அப்படித்தான்.

1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் வீடுகளோடு அல்பங்களும் எரிந்தன. வன்னியிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்களும் இருக்கிறார்கள். ஒற்றைப் படத்தோடு வருபவரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் ஒத்துப் பார்க்க வேறு படமே இல்லாத வீட்டில், பேரப்பிள்ளை அந்தப் பொய்ப் பல்லைத்தான் அப்பப்பாவின் சிரிப்பு என்று நம்பி வளரும். அதுதான் என் பயம்.

அதனால் ‘ஏஐ மூலம் உருவாக்கியது’ என்று தொடக்கம் முதல் முடிவு வரை படத்திலேயே பதித்துக் கொடுக்கிறேன். இறந்தவர் சொல்லாத வாழ்த்தை அவர் வாயில் வைக்க ஒத்துக்கொள்வதில்லை. எழுத்து அழகைக் கெடுக்கிறது என்று வேறு ஸ்டூடியோவுக்குப் போனவர்களும் உண்டு. ஏஐ செய்தது என்று கோப்புக்குள் மறைவாக இருக்கும் விபரம் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதே பெரும்பாலும் கழன்றுவிடும். கூகுள் தன் ஏஐ காணொளிகளில் பதிக்கும் சிந்த்ஐடி என்ற அடையாளம் கண்ணுக்குத் தெரியாது. சீனாவில் 2025 செப்டெம்பர் 1 முதல் இப்படியான ஏஐ காணொளிகளில் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் இடுவது கட்டாயம்.

இங்கே சட்டம் வரும்வரை பத்திரிகைகள் தொடங்கலாம். மரண அறிவித்தல், 31ஆம் நாள் நினைவஞ்சலி விளம்பரப் படிவங்களில் “படமோ காணொளியோ ஏஐ மூலம் செய்ததா?” என்று ஒரு வரி சேருங்கள். ஆம் என்றால் அதை இறந்தவரின் பெயருக்குக் கீழேயே, பெயரின் அளவிலேயே போடுங்கள்.

வீடியோப் படப்பிடிப்பாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.