பேசத் தெரிந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், குரலால் கணினியை இயக்கும் மென்பொருள்கள் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: "பேசத் தெரிந்தால் போதும், கையேடே தேவையில்லை." கட்டுரையாளருக்கு இரண்டு கைகளும் நன்றாக வேலை செய்கின்றன என்று புரிந்துகொண்டேன். நல்லது, நீடூழி வாழட்டும்.

எனக்கு மணிக்கட்டு கெட்டுப்போய் இரண்டு வருடம் ஆகிறது. கீபோர்டைத் தொடவே கூடாது என்றார் மருத்துவர். சரி என்று ஒரு மென்பொருளைத் தேடிப் பிடித்தால், ஆரம்பநிலைக் கையேட்டின் முதல் வரியே "மவுஸால் இந்த ஐகானைச் சொடுக்கவும்". நாலாவது படியில் ஒரு முழ நீளக் கட்டளையைத் தட்டச்சு செய்யச் சொல்கிறார்கள். தட்டச்சு செய்ய முடிந்தால் நான் ஏன் ஐயா அந்தப் பக்கம் போகிறேன்?

அப்புறம் கட்டளைப் பட்டியல். ஆங்கில அகரவரிசையில் பக்கம் பக்கமாக. கேட்பதை நிறுத்தச் சொல்லும் 'ஸ்லீப்' எங்கோ கடைசியில். அதுவரை நான் போகவில்லை. முதல் நாள் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன், மைக் திறந்தே இருந்தது. அந்த மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. தெரியாது என்று சும்மா இருக்கவும் தெரியாது. எங்கள் குடும்பக் கதையை ஏதோ ஆங்கிலமாக நினைத்துக்கொண்டு, பாதி எழுதிய அறிக்கையின் நடுவில் கொட்டிவிட்டது. கடைசியாக நடந்ததை ரத்து செய்ய 'அன்டூ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது எனக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது.

1990இல் வந்த, பேச்சை எழுத்தாக்கும் டிராகன் டிக்டேட் மென்பொருளுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டியிருந்தது. 1997இல்தான் அந்த நிறுவனத்தின் அடுத்த மென்பொருளில் தொடர்ந்து பேச முடிந்தது. இது தங்களுக்குத் தெரியாததல்ல. கணினி நம் பேச்சைக் கற்க அத்தனை காலம் எடுத்துக்கொள்ளலாம், நாங்கள் மட்டும் ஒரே நாளில் கற்க வேண்டுமாம். 'டெலீட்' என்று சொன்னால் அது எழுத வேண்டிய சொல்லா, அழிக்கச் சொல்லும் கட்டளையா? கட்டளைக்கு முன்னும் பின்னும் சற்று நிறுத்த வேண்டும் என்று யாராவது சொன்னால்தானே தெரியும்? 'பி', 'டி', 'ஈ' எல்லாம் மைக்குக்கு ஒன்றுபோலவே கேட்கும் என்பதால் டாலன் மென்பொருளில் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளுக்குப் பதில் 'ஏர், பேட், கேப், டிரம்' என்று சொல்கிறார்கள். கையேடு இல்லாமல் இதைக் கனவில் வந்து சொல்வார்களா?

தங்கள் இதழிடம் இதை எதிர்பார்த்திருக்கக் கூடாதுதான். போன வருடம் மாற்றுத்திறனாளிகளுக்கான செயலிகள் பற்றி எழுதியபோது, செயலித் திரைகளின் படங்களைத் தபால்தலை அளவில் போட்டிருந்தீர்கள். அதைக் குறிப்பிட்டு நான் எழுதிய கடிதத்தில் "நல்ல முயற்சி" என்ற முதல் இரண்டு சொற்கள் மட்டும் அச்சாயின. அடுத்து வந்த "ஆனால்" முழுவதும் காணோம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அரைப் பக்கப் பெட்டிச் செய்தி. மைக்கைத் தூங்க வைப்பது, எழுப்புவது, 'அன்டூ', பக்கத்தை நகர்த்துவது, திரையில் இருக்கும் பட்டன்கள் மேல் எண் விழவைக்கும் 'ஷோ நம்பர்ஸ்'. இந்த ஐந்து போதும். கடைசியாகச் சொன்னது ஆப்பிளின் வாய்ஸ் கன்ட்ரோலிலும் உண்டு, விண்டோஸ் 11இன் வாய்ஸ் ஆக்சஸிலும் உண்டு. பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் போடுங்கள். மேசையில் விரித்து வைத்துவிட்டால் புரட்ட வேண்டியிருக்காது.

இந்தக் கடிதத்தையும் வெட்டுவதாக இருந்தால் முதல் பத்தியிலிருந்து வெட்டிக்கொள்ளுங்கள். இதற்கு மேலே உள்ள பத்தியை மட்டும் விட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்