சோம்பல் அல்ல, ஆசிரியர் அவர்களே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சுயதொழில் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், பதிவு செய்வது பத்து நிமிட வேலை, சோம்பல்தான் தடை என்று ஒரு வரி இருந்தது. பத்து நிமிடம் சரிதான். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் உத்யம் சான்றிதழ், அதாவது சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் பதிவுச் சான்று, கட்டணம் இல்லாமலே கிடைக்கும் (அரசு தளம் மாதிரியே இருக்கும் தனியார் தளங்களில் பணம் கட்டி ஏமாறுகிறவர்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்). ஆனால் சோம்பல் என்ற சொல்லை என்னால் தாங்க முடியவில்லை.

நான் வாடகை வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறவள். தொழில் பெயரில் வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்கப் போனால், உத்யம் மட்டும் போதாது, இன்னொரு சான்றும் வேண்டும் என்றார்கள். சரி, தொழில் வரி கட்டி அந்த ரசீதைக் கொடுக்கலாம் என்று உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "கடை எங்கேம்மா? போர்டோட ஒரு போட்டோ வேணுமே" என்றார். கடை இல்லை, கம்ப்யூட்டர்தான் என்றேன். அப்படியானால் வீட்டு உரிமையாளரிடம் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்கி வரச் சொன்னார். உரிமையாளருக்கோ, கையெழுத்துப் போட்டால் மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றிவிடுவார்களோ என்று பயம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நான் சலுகை கேட்டா போனேன்? ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று அரசியல் சட்டமே வரம்பு கட்டிய ஒரு வரியைக் கட்டத்தானே போனேன்!

வருமான வரித்துறைக்கு என்னை நன்றாகவே தெரியும். பில்லில் 10 சதவீதத்தை டிடிஎஸ் என்று முன்கூட்டியே வரியாகப் பிடித்துக்கொண்டுதான் நிறுவனங்கள் பணம் தருகின்றன, நானும் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்கிறேன். அதே கணக்கை வைத்துக் கடன் கேட்டால் சம்பளச் சீட்டு எங்கே என்கிறார்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் எண் இல்லாத பில்லைத் திருப்பி அனுப்புகிற இடங்கள் இருக்கின்றன. பத்திரிகை வேலைகளே எவ்வளவு வெளியாட்களால் நடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாததா? அவர்களில் யாரையாவது கேட்டுவிட்டு அந்த வரியை எழுதியிருக்கலாமே.

ஒரே ஒரு வேண்டுகோள். தனிநபர் தொழில் கணக்குக்கு இரண்டு சான்று தர வழியில்லாதவரிடம், நேரில் விசாரித்து உறுதி செய்துகொண்டு ஒரு சான்றையே ஏற்க ரிசர்வ் வங்கி விதிகள் வங்கிக்கு இடம் தருகின்றன. அதை அடுத்த இதழில் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். நான் வாயால் சொன்னால் மேலாளர் நம்ப மாட்டேன் என்கிறார், அச்சில் இருந்தால் கொண்டுபோய்க் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருநெல்வேலி