அஞ்சு கை மெழுகுவத்தி ஸ்டாண்டு

அடியே வள்ளி,

நல்லா இருக்கியா? சிங்கப்பூர்ல மழை விட்டுச்சா? போன வாட்டி போன்ல "வீட்டையே மியூசியம் ஆக்கிட்டியாமே"ன்னு நீ சிரிச்சப்ப எனக்கு பதில் சொல்ல நேரமில்ல, குக்கர் வேற விசில் அடிச்சிட்டு இருந்துச்சு, அதான் இப்ப உக்காந்து முழுசா எழுதுறேன், துண்டு துண்டா மெசேஜ் போட்டா பாதி படிச்சிட்டு கட்டை விரலைக் காட்டிட்டு போயிடுவ.

ஹாலுக்கு புதுசா பெயிண்ட் அடிச்சோம்ல, ஒரே வெள்ளையா ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்குன்னு ஆரம்பிச்சது இவர்தான், நான் இல்ல, இதை மட்டும் குறிச்சு வச்சுக்க. அப்புறம் காரைக்குடியில ஒரு கல்யாணம் வந்துச்சு, பந்தியில சாப்பிட்ட கையோட பழைய சாமான் கடைங்க இருக்கிற முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு நடந்தோம். உன் ஊர் பக்கம், உனக்கு நான் சொல்லணுமா என்ன. தூணு, நிலைக்கதவு, ஊறுகாய் ஜாடி, எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஓடாத கடிகாரம்னு தரையிலேர்ந்து கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருக்கான், உள்ள போறதுக்கு உடம்பை ஒருக்களிச்சுத்தான் போகணும், நம்ம எதை உத்துப் பாக்குறோமோ அதை மட்டும் கடைக்காரர் துண்டால தொடைக்கிறாரு.

ரெண்டு பெரிய ஜாடிக்குப் பின்னாடி கரிச்சட்டி மாதிரி ஒண்ணு நின்னுச்சு. கேண்டலாப்ரான்னு இங்கிலீஷ்ல ஸ்டைலா சொல்வாங்க, கடைக்காரருக்கு அது அஞ்சு கை மெழுகுவத்தி ஸ்டாண்டு. நடுவுல ஒண்ணு, சுத்தி நாலு கை, கொடி மாதிரி முறுக்கி விட்டிருக்கு, ஒவ்வொரு குழிக்கும் கீழ மெழுகு வழிஞ்சா புடிச்சுக்க சின்னத் தட்டு. "சுத்த வெள்ளிங்க, இங்கிலாந்து சாமான்"னாரு. கவுத்துப் பாத்தா அடியில குட்டிக் குட்டிக் கட்டத்துக்குள்ள ஈ, பி, என், எஸ்னு நாலு எழுத்து, எலக்ட்ரோ பிளேட்டட் நிக்கல் சில்வர்ங்கிறதோட சுருக்கம். எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. நிஜ இங்கிலாந்து வெள்ளின்னா நடக்கிற சிங்கம் முத்திரை இருக்கும்டி, இது கரண்ட் வச்சு வெள்ளி முலாம் ஏத்துனது, பர்மிங்காம்ல எல்கிங்டன் கம்பெனிக்காரங்க 1840ல பேடண்ட் வாங்கின வித்தை. உள்ள இருக்கிற உலோகத்துக்குப் பேரு நிக்கல் சில்வர், பேர்லதான் வெள்ளி, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். நம்ம கவரிங் நகை கதைதான், போ. ஒன்பதாயிரம் சொன்னாரு, அந்த நாலு எழுத்தைக் காட்டி அஞ்சாயிரத்து ஐநூறுக்கு முடிச்சேன். இவருக்கு பெருமை தாங்கல, பஸ்ஸுல மதுரை வர்ற வரைக்கும் மடியிலயே வச்சிருந்தாரு.

வீட்டுக்கு வந்து நான் பண்ணுன கூத்தைக் கேளு. குழியில எல்லாம் பழைய மெழுகு கட்டியா இறுகிக் கெடந்துச்சு, கொதிக்கிற தண்ணிய வாளியில ஊத்தி அடிப்பாகம் வரைக்கும் முக்கிட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு பாத்தா தண்ணி மேல கறுப்பா ஏதோ மிதக்குது, தார் வாசனை. சாயாம நிக்கணும்னு அந்தக் காலத்துல அடியில தார் மாதிரி ஒண்ணை உருக்கி ஊத்தி வைப்பாங்களாம், சூட்டுல அது இளகி ஓரமா வழிய ஆரம்பிச்சிடுச்சு! இப்ப ஒரு பக்கமா லேசா தலை சாஞ்சுதான் நிக்குது, அடியில மடிச்ச அட்டை ஒண்ணு வச்சிருக்கேன், வெளிய சொல்லாத. மெழுகு எடுக்கணும்னா கையைக் கழட்டி ஃப்ரீசர்ல வச்சா போதும், சுருங்கி தானா பேந்து வந்துடும். அப்புறம் புளி, சாம்பல், தேங்காய் நாரு, எதுவும் கிட்டயே போகக் கூடாது, பித்தளைக்கு சரி, முலாம் போட்டதுல தேச்சா வெள்ளி நம்ம கையோட வந்துடும், பழைய பருத்தித் துணிதான் லாயக்கு.

சரி, ஏத்திப் பாக்கலாம்னு உக்காந்தா அங்கதான் நம்ம ஊரு குறுக்க வருது. ஃபேன் ஓடுனா மெழுகுவத்தி நிக்காது, ஃபேனை அமத்துனா மனுஷன் நிக்க மாட்டான். மே மாசத்துல வாங்கி வச்ச நீள மெழுகுவத்தி அஞ்சும் ஏத்தாமலே வளைஞ்சு கும்பிடு போட்டுடுச்சுங்க, இப்ப அதுகளுக்கும் ஃப்ரிட்ஜுல தயிருக்குப் பக்கத்துல இடம். ஆக கரண்ட் போனாத்தான் எங்க வீட்டுல அலங்காரம். போன வாரம் ராத்திரி ஒரு மணி நேரம் போச்சு, இன்வெர்ட்டரைப் போடாதீங்கன்னு சொல்லிட்டு அஞ்சையும் ஏத்துனேன். பின்னாடி பழைய கண்ணாடி மாட்டியிருக்கேன், அஞ்சு பத்தா தெரிஞ்சுச்சு. கண்ணாடியில ரசம் போன இடமெல்லாம் பகல்ல அசிங்கமா தெரியும், அந்த வெளிச்சத்துல அதுவும் ஒரு டிசைன் மாதிரி இருந்துச்சு. அத்தை மட்டும் "சர்ச்சுல உக்காந்த மாதிரி இருக்கு, முதல்ல குத்துவிளக்கை ஏத்து"ன்னாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருந்தேன், நாச்சியார்கோவில் விளக்கு பக்கத்துல அது ஏதோ வெளியூர் சம்பந்தி மாதிரி முழிச்சிட்டு நின்னுச்சு, மறுநாளே எதிர்ச் சுவர்ப் பக்கம் மாத்திட்டேன்.

ஆரம்பத்துல ஆசையில வாங்குனதை எல்லாம் ஹால்லயே பரப்பி வச்சேன்டி. ஜாடி, அஞ்சறைப்பெட்டி, மரப்பாச்சி, கிராமபோன் குழல், எல்லாம். வந்த கொரியர் பையன் "கடையா மேடம்?"னு கேட்டுட்டான். அன்னைக்கே பாதிய மச்சுல ஏத்திட்டேன். இப்ப ஒரு சுவத்துக்கு ஒரு சாமான், அவ்வளவுதான். ஒரு ரவிவர்மா படம் மட்டும் தனியா இருக்கு, சேலைக்கு ஜரிகையும் மணியும் வச்சுத் தைச்ச லட்சுமி. அவர் பம்பாய்ல பிரஸ் ஆரம்பிச்சது 1894ல, அதைச் சொல்லியே எல்லாப் படத்துக்கும் விலை ஏத்துறாங்க, நீ வாங்குனா லென்ஸ் வச்சு பாரு, புள்ளி எல்லாம் வரிசை பிடிச்சு நின்னா இப்ப ஆஃப்செட்ல அடிச்சது, மணல் தூவுன மாதிரி கலைஞ்சு கெடந்தா கல்லச்சு, அதாவது கல்லுல வரைஞ்சு அச்சடிச்ச பழசு. எனாமல் தூக்கு கூட அப்படித்தான், அடியில செக்கோஸ்லோவாகியான்னு இருந்தா கண்டிப்பா 1918க்கு அப்புறம் செஞ்சது, அதுக்கு முன்னாடி அந்த நாடே கிடையாது, "இருநூறு வருஷம்மா"ன்னு சொல்றவர்கிட்ட இதைச் சொன்னா விலை இறங்குதோ இல்லையோ மொகம் இறங்கும்.

உனக்கு ஒரு தூங்காவிளக்கு கொண்டு வரச் சொன்னியே, அது யோசிச்சுத்தான் செய்யணும். 1972ல போட்ட சட்டம் இருக்கு, நூறு வருஷம் தாண்டுன கலைப்பொருளை நம்ம பாட்டுக்கு வெளிநாட்டுக்குக் கொண்டு போக முடியாது, அவ்வளவு பழசு இல்லைன்னா தொல்லியல் துறைகிட்ட காட்டி சர்டிஃபிகேட் வாங்கிக்கலாம். ஏர்போர்ட்ல நின்னு முழிக்க எனக்குத் தெம்பு இல்ல. கோவில் சாமானா இருக்குமோன்னு ஒரு துளி சந்தேகம் வந்தாலும் நான் தொடவே மாட்டேன்.

இன்னொண்ணு சொல்லணும், சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். அந்தக் கடையிலேர்ந்து ஒரு பித்தளைத் தூக்கும் வாங்கிட்டு வந்தேன், பூ வைக்கலாம்னு. தேய்க்கும்போதுதான் விளிம்புல பேர் வெட்டியிருந்தது தெரிஞ்சுச்சு. மேல பிள்ளையார் சுழி, கீழ மூணு எழுத்து, புள்ளி புள்ளியா உளியால தட்டுனது. யாரோ ஒரு ஆச்சிக்கு சீரா வந்தது போல. அதுக்கு மேல அதுல பூ வைக்க மனசு வரல, அடுக்களையில அரிசி போட்டு வச்சிருக்கேன். தேவகோட்டையில உங்க அப்பத்தா வீடு வித்து இடிச்சப்ப பாத்திரமெல்லாம் எடைக்குப் போச்சுன்னு நீ அழுதியே, அதுலேர்ந்து அந்தத் தெருவுல எந்தப் பாத்திரத்தைப் பாத்தாலும் முதல்ல விளிம்பைத் திருப்பித்தான் பாக்குறேன். உங்க வீட்டுச் சாமான்ல என்ன எழுத்து வெட்டியிருப்பாங்கடி? உனக்கு ஞாபகம் இல்லைன்னா உங்க அம்மாகிட்ட கேட்டு எழுது. தை பிறந்து மறுபடி போறோம்.

உன்
கலா