மலைப்பாதையில் நின்றுபோகும் கார்கள்: பாகத்தை மாற்றுவதற்கு முன் பழுதைக் கண்டறிய வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஓடிக்கொண்டிருக்கும் கார் ஏற்றத்தில் திடீரென்று நின்றுபோவதும், அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தி வைத்தால் எதுவுமே நடவாததுபோல் மீண்டும் ஸ்டார்ட் ஆவதும் மலையகத்தில் பழைய வாகனம் வைத்திருக்கும் பலர் படும் தொல்லை. ஹட்டனில் வாகன மின்வேலை செய்பவன் என்ற முறையில் இத்தகைய கார்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். என்னிடம் வருவதற்குள் அவற்றில் பலவற்றுக்குப் புதிய பிளக் (என்ஜினுக்குள் பொறியை உண்டாக்கும் பாகம்), புதிய கொயில் (அப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் கம்பிச் சுருள்), சில வேளைகளில் புதிய பெற்றோல் பம்ப் வரை போட்டு முடித்திருப்பார்கள்; ஆனால் பழுது தீர்ந்திருக்காது. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கான வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளும் இருந்த காரையே திருத்தித் திருத்தி ஓட்டியவர்களுக்குப் புதிய வாகனத்தின் விலை இன்றும் எட்டாததாகவே இருக்கிறது. அவர்களிடம் தேவையற்ற பாகத்துக்குப் பணம் வாங்குவது சரியல்ல என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கார் எப்படி நின்றது என்பதைத்தான் மெக்கானிக் முதலில் கேட்க வேண்டும். சாவியைத் திருப்பி ஓஃப் செய்ததுபோல் ஒரே கணத்தில் என்ஜின் அடங்கினால், பெரும்பாலும் மின்சாரப் பக்கத்தில்தான் கோளாறு. இழுவை குறைந்து, திக்கித் திணறி, எக்சிலரேட்டரை மிதித்தும் பலனின்றி மெல்ல நின்றால் பெற்றோல் போகும் வழியைச் சந்தேகிக்க வேண்டும். ஆர்பிஎம் காட்டும் முள் உள்ள கார்களில் இன்னொரு தடயமும் உண்டு. கார் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே அந்த முள் சட்டென்று பூச்சியத்துக்கு விழுந்தால், கொயிலுக்குச் செல்லும் மின்சாரமோ அதனைக் கட்டுப்படுத்தும் சமிக்ஞையோ அறுந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். சாவியைப் பிடித்திருக்கும்வரை என்ஜின் பிடித்து, கையை விட்டவுடன் நின்றால், சாவி போடும் இக்னிஷன் சுவிட்சையும், கொயிலுக்கு முன்னால் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரையும் பார்க்க வேண்டும். வீட்டுச் சாவி, கடைச் சாவி எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் மாட்டித் தொங்கவிடுபவர்களின் சுவிட்ச் விரைவில் தேய்ந்துபோவதையும் நான் கண்டிருக்கிறேன்.

கார் நின்ற இடத்திலேயே, நின்ற அந்த நிமிடத்திலேயே சோதிப்பதுதான் இதில் மிக முக்கியமானது. கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை நோக்கி ஏறும் கார் இரண்டாம் கியரில் நெடுநேரம் உழைக்கும்போது என்ஜின் அறை முழுவதும் கடுமையாகச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் கொயிலுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுற்று விரிந்து தொடர்பு அறுபடலாம். கொயிலுக்கான மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியை எழுப்ப உதவும் கொண்டென்சரோ இலக்ட்ரோனிக் இக்னிஷன் மொடியூலோ செயலிழக்கலாம். ஆறியதும் அவை மீண்டும் வேலை செய்யும். கராஜுக்குக் கட்டியிழுத்து வந்து மறுநாள் காலை குளிர்ந்த என்ஜினில் மீற்றரை வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டும். ஆகவே காரில் ஒரு பழைய பிளக்கையும் இருபுறமும் கிளிப் உள்ள ஒரு துண்டு வயரையும் வைத்திருப்பது நல்லது. கார் நின்றவுடன் ஒரு பிளக் வயரைக் கழற்றிப் பழைய பிளக்கில் மாட்டி, பிளக்கின் உலோக உடலைக் கிளிப் வயரால் என்ஜினோடு இணைத்துவிட்டு, வேறொருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்ல வேண்டும். நீலநிறத்தில் பளிச்சென்று பொறி விழுந்தால் பொறியை உண்டாக்கும் இக்னிஷன் பகுதி குற்றமற்றது. காற்றோடு பெற்றோலைக் கலக்கும் கார்பரேட்டரின் வாயைப் பார்த்தபடி எக்சிலரேட்டர் கம்பியை இழுத்து, பெற்றோல் பீய்ச்சுகிறதா என்று அடுத்துக் கவனிக்கலாம். பொறியே இல்லையென்றாலோ மஞ்சளாக மங்கி விழுந்தாலோ இக்னிஷனைத்தான் துருவ வேண்டும். பற்றரியின் 12 வோல்ட்டைக் கொயில் 20,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்துவதால் பிளக்கைக் கையில் பிடிக்கவே கூடாது. பெற்றோல் வாடை வந்தால் இச்சோதனையைச் செய்யவும் கூடாது.

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பழைய காரில் கொயிலை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு பிளக்குக்கும் முறையே மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, கொயிலின் மின்தொடர்பைத் திறந்து மூடும் பொயின்ட் பொருத்தியிருக்கும் தட்டை விரலால் மெதுவாக அசைத்துப் பார்த்தேன். அந்தத் தட்டை வெளி உடலோடு இணைக்கும், துணி சுற்றிய சிறிய ஏர்த் வயர் உள்ளே இற்றுப்போய், உறை மட்டும் முழுதாக இருந்தது. எக்சிலரேட்டரை மிதிக்கும் அளவுக்கேற்ப, என்ஜின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வேக்குவம் அந்தத் தட்டை முன்னும் பின்னும் திருப்புவதால், ஒரு நிலையில் தொடர்பு கிடைத்தது, இன்னொரு நிலையில் அறுந்தது. ஏற்றத்தில் நின்ற கார் சமதரையில் ஒழுங்காக ஓடியதற்கு அதுவே காரணம். விரல் நீள வயர் ஒன்றைப் பற்றவைத்ததும் பழுது தீர்ந்தது. அதனைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டது பொறுமை மட்டுமே.

எங்கள் காலநிலையையும் சேர்த்து எண்ண வேண்டும். நானுஓயா, நுவரெலியா பக்கம் பனிமூட்டத்தில் இரவு முழுவதும் வெளியில் நிற்கும் காரின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் படிகிறது. மூடியில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலே போதும், மின்சாரம் அதன் வழியே ஓடி, கரிக்கோடு ஒன்றைப் பதித்துவிடும். அதன்பின் துடைத்தும் பயனில்லை, மூடியை மாற்றத்தான் வேண்டும். இருட்டில் பொனட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டால், பழுதடைந்த பிளக் வயர்களின் மேல் நீலப் பொறி ஊர்வதைக் கண்ணாலேயே காணலாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கு காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் சரிசெய்யப்பட்ட கார்பரேட்டர் இங்கு வந்ததும் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலைக் கொடுக்கும். பிளக்குகள் கரி பிடிக்கும். அதனை இக்னிஷன் பழுதென்று எண்ணிக் கொயிலை மாற்றுவது வீண் செலவு.

டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத புதிய கார்களிலும், சூட்டில் நின்று ஆறியதும் ஓடும் இதே தொல்லை வரும். அவற்றில் என்ஜின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சரை முதலில் சந்தேகிக்கலாம். காரின் கணினியில் பதிவாகும் பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரில் பிழை எதுவும் பதிவாகவில்லை என்பதற்காகச் சென்சர் நல்லதென்று முடிவுகட்டக் கூடாது.

இது பணத்தோடு முடியும் விடயமும் அல்ல. ரம்பொடை இறக்கத்தில் என்ஜின் நின்றால், பவர் ஸ்டியரிங் உள்ள காரில் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்குக்கு உதவும் வேக்குவம் சில மிதிகளிலேயே தீர்ந்து, பெடல் கல்லாக இறுகிவிடும். அந்நேரத்தில் நியூட்ரலுக்குப் போடவோ கிளட்சை மிதித்தபடி உருளவோ கூடாது. கியரில் விட்டால், சக்கரங்களே என்ஜினைச் சுற்றிக்கொண்டிருப்பதால் வேகமும் கட்டுப்படும், பிரேக்குக்கும் வேக்குவம் கிடைக்கும். சாவியை வெளியே எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் என்பதால், கார் முற்றாக நிற்கும்வரை அதனைக் கழற்றவே கூடாது.

வருடாந்தப் புகைப் பரிசோதனையில் இந்தப் பழுது வெளிப்படுவதில்லை. ஆகவே பொறுப்பு கராஜ்களையும் வாகன உரிமையாளர்களையுமே சேர்கிறது. எந்தச் சோதனையின் அடிப்படையில் ஒரு பாகம் மாற்றப்பட்டது என்பதைப் பில்லில் ஒரு வரியாவது எழுதிக் கொடுப்பதும், கழற்றிய பாகத்தை உரிமையாளரிடம் ஒப்படைப்பதும் வழக்கமாக வேண்டும். கார் எங்கே, எவ்வளவு நேர ஓட்டத்துக்குப் பின், மழையிலா வெயிலிலா நின்றது என்பதை உரிமையாளர்களும் குறித்துவைத்துச் சொல்ல வேண்டும். தொழிற்பயிற்சி அதிகார சபை மலையக இளைஞர்களுக்கு நடத்தும் மோட்டார் பயிற்சிகளில், பாகங்களைக் கழற்றிப் பூட்டுவதோடு நிற்காமல், சூடான என்ஜினில் விட்டுவிட்டு வரும் பழுதைத் தேடிப் பிடிக்கும் முறையைத் தமிழில், செய்முறையாகக் கற்பிக்க ஏற்பாடு செய்யுமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாகன மின்திருத்துநர் ஒருவர்,
ஹட்டன்.