கல்லில் யார் பெயர்? நினைவுச்சின்னக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் பகுதியிலிருந்து முப்படைகளுக்கும் சென்று பணியாற்றியவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்ப நீங்கள் முன்வந்திருப்பதை முழுமனதோடு வரவேற்கிறேன். தூணின் உயரம், பீடத்தின் வடிவம், கொடிமரம் நிற்க வேண்டிய இடம் ஆகியவற்றைப் பற்றி நிறையவே பேசியாயிற்று. யாருடைய பெயர், எந்த வரிசையில், எந்த அளவு எழுத்தில் பொறிக்கப்படும் என்பதைப் பற்றித்தான் இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. கல்லுக்கு முன்பணம் கொடுப்பதற்குள் அதைப் பேசி முடித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகற்களுள் ஒன்றில், ‘கூடல் ஊர் ஆகோள் பெடு தீயன் அந்தவன் கல்’ என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். ஊர், அங்கு நடந்த ஆகோள் எனும் ஆநிரை கவரும் பூசல், வீரனின் பெயர் ஆகிய மூன்றும் ஒரே தொடரில் அடங்கிவிட்டன. கல்லை நட்டவர் யார், செலவை ஏற்றவர் யார் என்ற சேதியே அதில் இல்லை. நம் காலத்திலோ திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், நன்கொடை வழங்கியவர் என்று நீளும் பட்டியல் முகப்பில் பளபளக்க, யாருக்காகக் கட்டினோமோ அவர்களின் பெயர்கள் பின்பக்கத்துக்குப் போய்விடுகின்றன. நன்கொடையாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான்; அதற்கு நுழைவாயிலருகே தனிப் பலகை ஒன்று போதும்.

அடுத்து, பெயர்களுக்குள் ஏற்றத்தாழ்வு வேண்டாம். முதல் உலகப் போர்க் காலத்தில், 1917-இல் தொடங்கப்பட்ட பிரித்தானியப் பேரரசின் போர்க் கல்லறை ஆணையம், பதவி, இனம், சமயம் பாராமல் எல்லோரையும் ஒரே விதமாக நினைவுகூர்வதைக் கொள்கையாக அறிவித்தது. அக்கொள்கை எல்லோருக்கும் கடைப்பிடிக்கப்படவில்லை என்பதை, இன்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் எனப்படும் அதே அமைப்பு 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை; அவர்களுள் சிலர் எவ்வகையிலுமே நினைவுகூரப்படாமல் போயிருக்கலாம். அவர்களுள் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்தவர்கள். நல்ல கொள்கை இருந்தும் பட்டியல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆகவே, துப்பாக்கி ஏந்தி எல்லையில் நின்றவரோடு, படை வண்டி ஓட்டியவரும், சமையற்கூடத்தில் நின்றவரும், தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தவரும், இராணுவ மருத்துவமனைச் செவிலியரும் ஒரே பட்டியலில், ஒரே அளவு எழுத்தில் இடம்பெற வேண்டும். பதவியைக் குறிப்பிடலாம், பதவியைக் கொண்டு வரிசைப்படுத்தலாகாது.

வரிசை என்றதும் வாஷிங்டனில் 1982-இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச்சுவர் நினைவுக்கு வருகிறது. அதிலுள்ள 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அகர வரிசையில் இல்லை. உயிரிழந்த அல்லது காணாமற்போன நாளின் வரிசையில் உள்ளன. அதனால் ஒரே நாளில் ஒரே சண்டையில் வீழ்ந்தவர்கள் கல்லிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். காணாமற்போனவர் பெயருக்கு அருகே சிலுவைக் குறி உண்டு. இறப்பு உறுதியானால் அது சாய்சதுரமாகும், உயிரோடு திரும்பி வந்தால் அதைச் சுற்றி வட்டம் இடப்படும் என்பது ஏற்பாடு. கல்லில் வெட்டிய பிறகும் திருத்த வழி வைத்த அந்த முன்யோசனையை நாமும் கைக்கொள்ளலாம். போர்ப் பணியால் வந்த நோய் பல ஆண்டுகள் கழித்து உயிரைக் குடித்தவர்களின் பெயர்கள் அச்சுவரில் இடம்பெறவில்லை. அவர்களுக்காக 2004-இல் தனிக் கல் ஒன்றைப் பதித்தார்கள். அப்படிப்பட்டவர்களை நாம் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்வது நல்லது.

நம் பெயர்களில் வேறொரு சிக்கலும் உண்டு. ஒரே தலைப்பெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட இருவர் இருப்பது அரிதன்று. படையிலிருந்து விடுபடும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும் வீட்டில் வேறு விதமாகவும் எழுதப்படும் பெயர்களோ ஏராளம். படை எண், பிரிவு, பணிக்காலம் ஆகியவற்றைக் கொண்டு சரிபார்த்து, தமிழில் எப்படி எழுதுவது என்பதைக் குடும்பத்தாரிடமே கேட்டு எழுதுங்கள். ஆழமில்லாமல் வெட்டினால் மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் தேய்ந்து மறையும் என்பதைச் சிற்பியிடம் சொல்லிவிடுங்கள்.

கட்டுமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாய்தளம் வேண்டும், சக்கர நாற்காலியில் வரும் முதியவர் தம் பெயரைத் தாமே படிக்கும் உயரத்தில் வரிகள் அமைய வேண்டும். இனி ஓய்வு பெற்று வருவோருக்கு ஒரு பலகையை வெறுமையாக விட்டுவைக்க வேண்டும். பழைய பீரங்கி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தும் யோசனைக்கு நான் எதிரியல்லன். அதற்கான பணத்தைப் பராமரிப்பு நிதியில் போட்டால் நெடுநாள் பயன்படும் என்பது என் கருத்து.

வரைவுப் பட்டியலை மூன்று மாத காலம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, விடுபட்டவர்களைச் சேர்க்கவும் பிழைகளைத் திருத்தவும் குடும்பங்களுக்கு வாய்ப்பளித்த பின்னரே கல்வெட்டுப் பணியைத் தொடங்குமாறு வேண்டுகிறேன். திறப்பு விழா தள்ளிப்போனாலும் பாதகமில்லை.

இப்படிக்கு,
படைவீரர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவன்