களுவன்கேணிக் கரைவலைக்காரருக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

ஆகஸ்ட் லீவுக்குக் கொழும்பிலிருந்து வந்த தங்கச்சி குடும்பத்தையும் எங்கள் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புப் பாலமீன்மடுவிலிருந்து கல்குடா வரை கடலால் போய்வந்தோம். வழியில் உதவினவர்கள் ஒரு நன்றி சொல்லக்கூட விடவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் படகு தந்த அண்ணனுக்கு. பேசிவைத்திருந்த ஆள் முற்பணத்தையும் வாங்கிவிட்டு முதல்நாள் இரவு போனை நிறுத்திவிட்டார். (அவரைப் பற்றி இவ்வளவு போதும்.) நேரம் கெட்ட நேரத்தில் உங்கள் கதவைத் தட்டினால், சாப்பாட்டுக் கோப்பையோடு வெளியே வந்து, "எத்தனை புள்ளையள், என்ன வயசு?" என்றுதான் கேட்டீர்கள், காசுக் கதையே வரவில்லை. சின்னதுகளின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகை இறக்கமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றீர்கள். அந்த இராவில் தேடிக் கொண்டுவந்து தந்த கல்லடி நண்பருக்கும் நன்றி.

விடியப்புறம் வெளிக்கிட்டோம். 1913இல் கட்டிய வெளிச்சவீட்டைக் கடலில் நின்று பார்ப்பது பிள்ளைகளுக்கு அதுதான் முதல் தடவை. வெளிக்கடலைக் காட்டி, 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் குண்டுபோட்டு மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அங்கேதான் கிடக்கிறது என்றீர்கள். "உள்ளுக்குள்ள பிளேன் இருக்கா மாமா?" என்று மருமகன் தொடங்கினான், அன்றைக்கு அதில் ஒரு பிளேனும் இருக்கவில்லை என்று நீங்கள் சொன்னதை அவன் கல்குடா வரும்வரை நம்பவில்லை.

கல்குடாவில் முற்றம் முழுக்கப் பாய் விரித்துத் தந்த மாமிக்கு இங்கே நன்றி எழுதினால் ஏசுவா, அதை நேரில் பார்த்துக்கொள்கிறேன். இடியப்பமும் சொதியும் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று மறித்ததில் திரும்பி வெளிக்கிட வெயில் ஏறிவிட்டது. இந்த மாதங்களில் பகலானால் கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், எஞ்சின் நின்றால் படகு வெளியேதான் போகும் என்று அண்ணன் முதல்நாளே சொல்லியிருந்தார். அப்போது மச்சான் சிரித்தார்.

களுவன்கேணிக்கு நேரே எஞ்சின் இறுகி நின்றது. தூக்கிப் பார்த்தால், யாரோ எறிந்துவிட்ட தங்கூசி (நைலான் இழை) வலைத் துண்டு புரொப்பலரில் சுற்றிச் சுற்றிக் கட்டியாகிக் கிடக்கிறது, எங்களிடம் இருந்ததோ மழுங்கல் கத்தி. நங்கூரம் போட்டும் படகு இழுபட்டது, கரையில் தென்னைகள் சின்னதாகிக்கொண்டு போயின, சின்னவன் சத்தி எடுத்தான், மச்சான் வாயே திறக்கவில்லை.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்த நீங்கள் நாங்கள் துவாய் ஆட்டியதைக் கண்டு, கயிற்றை மற்றவர்கள் கையில் விட்டுவிட்டுத் தோணியைத் தள்ளி வந்தீர்கள். வலை பாதியில் நிற்கும்போது ஆள் குறைந்தால் வலையின் மடிப் பையில் மீன் தங்காது என்பது எனக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு எவ்வளவு நட்டம் என்று கேட்டேன். "அத உடுங்க, புள்ளைக்குத் தண்ணி குடுங்க" என்றீர்கள். உங்களில் இளையவர் குதித்து, ஒரு கையால் எஞ்சினைப் பிடித்தபடி இழை இழையாக அறுத்தார். விரல் வெட்டுப்பட்டு இரத்தம் வந்ததை அவர் கவனித்த மாதிரியே இல்லை.

அப்புறம் கரையில் வாடியில் (மீனவர் கொட்டிலில்) இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீ தந்த அம்மா, தங்கச்சியின் தலையைத் துவட்டிவிட்டு, "காத்துத் தணியட்டும், மறுகா போகலாம்" என்று எங்களை இருத்திவைத்தீர்கள். பின்னேரம்வரை பிள்ளைகள் உங்கள் கயிற்றில் தொங்கி வலை இழுத்தார்கள், உதவியா உபத்திரவமா தெரியாது.

தம்பி, பிடியில் சைக்கிள் டியூப் சுற்றிய உங்கள் கத்தி எங்கள் படகில் வந்துவிட்டது. இப்போது பாலமீன்மடு அண்ணனிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறோம், அம்மாவுக்குக் கொஞ்சம் கஜுவும் எடுத்து வைத்திருக்கிறது. பெயரைக்கூட நீங்கள் சொல்லவில்லை, அதனால் வாடிப் பக்கம் கொஞ்சம் நில்லுங்கள்.