மலையைச் சுத்தித்தான் வரணும்

அன்புள்ள மக்கா,

ஆடி அமாவாசைக்கு வாரேன்னு நீ எழுதின வரியை உன் மதினிக்கு ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டினேன். அடுத்த வரியிலதான் கோட்டை விட்டுட்டே. திருவனந்தபுரத்துக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் 60 கிலோமீட்டர்னு போன்ல போட்டிருக்காம், விடியக்காலம் அஞ்சு மணிக்குத் திருவனந்தபுரத்துல பிளேன் இறங்கினா ஏழு மணி இட்லிக்கு வந்துருவியாம்! ஏலே, பாபநாசத்துல குளிச்சு வளந்தவனா நீ? அந்த 60 பிளேன் பறக்கிற தூரம்லா. நடுவுல பொதிகை மலை நிக்குதே, மறந்து போச்சா?

நம்ம பக்கம் பாபநாசத்துக்கு மேல காரையாறு வரைக்கும்தான் ரோடு. அதுக்கு மேல புலிக்காடு. முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினாலும் பேப்பாறை, நெய்யாறுன்னு காடுதான். அதனால தெக்க ஆரல்வாய்மொழிக் கணவாயைச் சுத்து, இல்லன்னா வடக்க ஆரியங்காவுக் கணவாயைச் சுத்து. வேடிக்கை என்னன்னா, ரெண்டுமே 140 கிலோமீட்டர் கிட்ட வருது. நம்ம ஊரு சரியா மலையோட வயித்துப் பக்கம் உக்காந்திருக்கு.

போன வருசம் என் மருமகனும் உன்னை மாதிரிதான். பட்டணத்துப் பிள்ளை, திருவனந்தபுரத்துல இறங்கிட்டு, "ரெண்டு மணி நேரத்துல வந்துருவேன் மாமா"ன்னாரு. உன் மதினி விழுந்து விழுந்து சொதி வச்சா, இஞ்சித் துவையல் அரைச்சா, உருளைக்கிழங்கு வறுத்தா. ஆரியங்காவு தாண்டி இறக்கத்துல ஒரு தடி லாரி அச்சு முறிஞ்சு குறுக்க நின்னுட்டு. பிள்ளை வந்து சேரும்போது மணி நாலரை. சொதி மேல தேங்காப்பால் ஏடு கட்டிக் கிடந்துச்சு. வாடகைக் காருக்காரன் வேற, திரும்பிப் போற கிலோமீட்டருக்கும் சேத்து வாங்கிட்டுத்தான் போனான். நீயும் அதை முதல்லயே பேசிக்கோ.

என்னைக் கேட்டா, வரும்போது நாகர்கோயில் வழியா வா. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம்னு வீடும் கடையுமா ஒரே ஊரு மாதிரி நீளும். பகல்ல சிக்கினா நாகர்கோயில் வரைக்கும் உள்ள 70 கிலோமீட்டரே காலை முழுக்கத் தின்னுரும். விடியுமுன்ன கிளம்பினாத் தப்பிச்சே. ஆரல்வாய்மொழி தாண்டினதும் கண்ணாடியை இறக்கு, ஆடிக் காத்து மூஞ்சில அறையும். வள்ளியூர், களக்காடுன்னு வந்தா மலை உன் இடது கைப் பக்கமாவே கூட வரும்.

திரும்பிப் போகும்போது செங்கோட்டை வழி போ. சாரலும் வளைவும் உள்ள ரோடு, அவசரத்துல போற வழி இல்ல அது. தென்மலைக்கு இப்புறம் ரோட்டோரமாவே பதிமூணு கண் பாலம் தெரியும். 1904-ல திறந்த ரயில் பாதை அது. மீட்டர் கேஜ் காலத்துல கொல்லம் போனோமே, ஜன்னல்ல தலையை நீட்டி உன் கண்ணுல கரி விழுந்துச்சே, அதே பாலம்தான். இப்ப அகலப் பாதை ஆக்கிட்டாங்க.

தூத்துக்குடி பிளேனை ஏன் சொல்லலன்னு கேப்பே. அந்த பிளேன் இறங்குற வாகைக்குளம் இங்கேருந்து 65 கிலோமீட்டர்தான். ஆனா நீ சென்னையில இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கிட்டு அடுத்த பிளேனுக்குக் காத்துக் கிடக்கணும். அதுக்கு மலையைச் சுத்துறதே தேவலை.

அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னமே வந்துரு. சொரிமுத்தையன் கோயிலுக்குப் போற கூட்டத்துல அன்னிக்குப் பாபநாசம் பக்கம் கார் நகராது. இட்லி பத்து மணிக்குத்தான்னு இவகிட்டச் சொல்லிட்டேன்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரன்